மாலை ஏழு மணிக்குப் போதுமா? சந்தையில் மின்சாரம் வாங்கும் சேலத்து எச்.டி. ஆலைகளுக்கான வழிகாட்டி

சங்ககிரி, ஓமலூர், ஆத்தூர் பக்கம் உள்ள ஒரு நூற்பாலையை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 22 கே.வி. எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ், ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த உச்ச இழுவை அளவு) 2,500 கே.வி.ஏ. மூன்று ஷிப்ட் ஓட்டம், சராசரி லோடு 2,000 கிலோவாட், உச்சம் 2,200. ஆண்டுத் தேவை ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் யூனிட். குரூப் கேப்டிவ் முறையில் (பலர் பங்கு போட்டு மின் நிலையம் வைத்துத் தாங்களே பயன்படுத்துவது) 4 மெகாவாட் சோலாரிலும் 2 மெகாவாட் காற்றாலையிலும் பங்கு எடுத்திருக்கிறது. சோலார் மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் என்று வைத்தால் 64 லட்சம். காற்றாலை மெகாவாட்டுக்கு 25 லட்சம் என்றால் 50 லட்சம். கூட்டினால் 1 கோடியே 14 லட்சம், தேவையில் 65 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு 'முக்கால்வாசி தீர்ந்தது, மீதியை எக்ஸ்சேஞ்சில் அள்ளிக்கொள்ளலாம்' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். எக்ஸ்சேஞ்ச் என்பது மின்சாரத்தை ஏலத்தில் வாங்கி விற்கும் சந்தை.

இதே ஆலையைப் பிப்ரவரி மாதம் மாலை ஏழு மணிக்குப் பாருங்கள். சோலார் பூஜ்யம். காற்றாலை 2 மெகாவாட்டில் 100 கிலோவாட் கொடுத்தால் பெரிது. ஆலைக்கு வேண்டியது 2,100. ஆண்டுக் கணக்கில் 65 சதவீதம் கையில் வைத்திருக்கும் ஆலை, அந்த நேரத்தில் ஐந்து சதவீதத்தோடு நிற்கிறது. அதே நாள் நண்பகலில் சோலார் 3 மெகாவாட்டுக்கு மேல் தரும். அப்போது ஆலையால் அவ்வளவையும் இழுக்க முடியாது. மின்சாரம் போதுமா என்பதை ஆண்டு யூனிட்டை வைத்துப் பார்க்கவே கூடாது. மோசமான கால் மணி நேரத்துக்கு எத்தனை கிலோவாட் உறுதி என்று பார்க்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

சந்தை ஏன் தானாக இதைப் பார்த்துக்கொள்ளாது

யூனிட்டுக்கு மட்டும் காசு கொடுக்கும் சந்தையில், ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டுமே தேவைப்படும் மின் நிலையத்தை யாரும் விரும்பிக் கட்ட மாட்டார்கள். அந்தச் சில நூறு மணி நேரத்தில் விலை மிக உயர்ந்தால்தான் போட்ட முதல் திரும்பும். உயர்ந்தாலோ அரசும் மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் உச்சவரம்பு வைக்கும். இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு வழி பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் பி.ஜே.எம். சந்தை 2007 முதல் எதிர்கால ஆண்டுகளுக்கான மெகாவாட்டையே தனியாக ஏலம் எடுக்கிறது. பிரிட்டன் இதே வகை ஏலத்தை 2014 டிசம்பரில் தொடங்கியது. டெக்சாஸ் அப்படிச் செய்யாமல் விலையை மட்டும் நம்பியது. 2021 பிப்ரவரி குளிரில் எரிவாயு வழியும் மின் நிலையங்களும் உறைந்தபோது, மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர் என்ற உச்ச விலை இருந்தும் மின்சாரம் வரவில்லை.

இந்தியாவில் மெகாவாட்டுக்கான தனி ஏலச் சந்தை இல்லை. 2023 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, பகிர்மான நிறுவனங்கள்தாம் தங்கள் உச்சத் தேவைக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைக்க வேண்டும். அதில் முக்கால் பங்காவது நீண்டகால ஒப்பந்தமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் வரை போனது. மேட்டூர் அனலின் 840 மெகாவாட்டும் 600 மெகாவாட்டும், அணையும் கதவணைகளும் தருவதும் எல்லாம் சேர்ந்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான். ஓப்பன் ஆக்சஸில், அதாவது மின்வாரியத்தின் கம்பி வழியே வேறொருவரின் மின்சாரத்தை, வெளியே வாங்கத் தொடங்கிய ஆலை, அந்த அளவுக்குத் தன் தேவைக்குத் தானே திட்டம் போட வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. 2008 முதல் 2015 வரை எச்.டி. நுகர்வோருக்கு இருந்த மின் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதன் கடுமையான கட்டத்தில் மாலை உச்ச நேரத்தில் ஒதுக்கீட்டில் 10 சதவீதம்தான் இழுக்க முடிந்தது.

முதல் வேலை: 96 பிளாக்

நாள் முழுவதும் 15 நிமிடத் துண்டுகளாக 96 பிளாக். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவது 1-வது பிளாக். காலை 9 மணிக்கு 37, மாலை 6 மணிக்கு 73, ஏழு மணிக்கு 77, இரவு 9.45-க்குத் தொடங்குவது 88. இந்த எண்கள் எக்ஸ்சேஞ்சில் பிட் (எந்த பிளாக்குக்கு எவ்வளவு, என்ன விலைக்கு என்ற ஏலக் கேட்பு) போடுகிறவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

மின் கட்டண ரசீதில் வரும் மாத யூனிட்டும் மாத உச்ச டிமாண்டும் இந்த வேலைக்கு உதவாது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் ஏ.பி.டி. மீட்டரிலிருந்து லோடு சர்வே, அதாவது பிளாக் வாரியான பதிவு, இறக்க வேண்டும். மீட்டர் தன் நினைவில் ஒன்றரை மாதம் அளவுக்குத்தான் பழைய பதிவை வைத்திருக்கும். அதனால் மாதம் ஒரு முறை தவறாமல் இறக்கிச் சேமியுங்கள். ஓராண்டு சேர்ந்ததும் 35,040 வரி கொண்ட ஒரே தாளாக ஆக்குங்கள். அதன் பக்கத்திலேயே சோலார், காற்றாலை மீட்டர் பதிவையும் அதே பிளாக் வாரியாக ஒட்டுங்கள். லோடிலிருந்து இரண்டையும் கழித்தால் வருவதுதான் நிகரத் தேவை.

அந்த நிகரத் தேவையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள 350 வரியை மட்டும் உற்றுப் பாருங்கள். ஆண்டின் ஒரு சதவீத நேரம் அது. எந்த மாதம், எந்த மணி, அன்று என்ன ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். நூற்பாலையில் அது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாலையாக இருக்கும்: காற்று இல்லை, வெயில் இறங்கிவிட்டது, ஆலைக்குள் ஈரப்பதம் காக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் முழு வேகத்தில் ஓடுகிறது. ஆலையின் மின் திட்டம் முழுவதும் இந்த 350 வரிக்காகத்தான் போடப்படுகிறது.

மீட்டரின் கடிகாரத்தையும் அப்போதே சரிபாருங்கள். ஏழெட்டு நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் ஒவ்வொரு பிளாக்கிலும் பாதியை முந்தைய பிளாக்கில் தள்ளிவிடும். ஷெட்யூலும் (முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட அளவு) இழுவையும் பொருந்தாமல், கணக்கு வரும்போதுதான் அது தெரியவரும். வித்தியாசம் இருந்தால் எழுத்தில் கொடுத்து மின்வாரியத்தின் மீட்டர் பிரிவை வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். நீங்களாகத் தொடக் கூடாது.

எது எவ்வளவு உறுதி

அடுத்து, கையில் உள்ள ஒவ்வொரு மூலத்துக்கும் அந்த மோசமான நேரத்தில் எத்தனை கிலோவாட் என்று எழுத வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை எழுதக் கூடாது.

சோலார்: மாலை 6.30-க்கு மேல் பூஜ்யம். பேரமே இல்லை.

காற்றாலை: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் விளைச்சல். ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஐந்து மாதத்தில் வந்துவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாலைக்கு, கடந்த ஆண்டுகளில் அதே மணிகளில் பத்துக்கு ஒன்பது முறை கிடைத்த அளவை மட்டும் எழுதுங்கள். பல இடங்களில் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். மாசியில் அதே இறக்கை அசையாது.

2018 மார்ச் 31 வரை இயங்கத் தொடங்கிய பழைய காற்றாலைகளுக்கு யூனிட்டைச் சேமித்து வைக்கும் பேங்கிங் வசதி உண்டு. அது கட்டணத்தைக் குறைக்கும். கட்டுப்பாடு வரும் மாலையில் கூடுதலாக ஒரு கிலோவாட்டையும் தராது. நேர வாரியான கழிவிலும் ஒரு விதி இருக்கிறது. உச்ச நேரத்தில் விளைந்து மிஞ்சியதைச் சாதாரண நேரத்துக்கும் இரவுக்கும் கழிக்கலாம். இரவில் மிஞ்சியதை உச்ச நேரத்துக்கு ஏற்றிக் கழிக்க முடியாது.

எக்ஸ்சேஞ்ச்: பலர் ஏமாறும் இடம் இது. 2022 மார்ச் கடைசியில் நாளை-நாள் சந்தையில் (அடுத்த நாள் மின்சாரத்தை இன்றே ஏலத்தில் வாங்கும் பிரிவு) விலை யூனிட் 20 ரூபாய் என்ற அப்போதைய எல்லையைத் தொட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரல் 1-ல் 12 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, 2023 ஏப்ரலில் 10 ரூபாயாக்கியது. விலை உச்சவரம்பில் முட்டும் பிளாக்கில் கேட்பவர் அதிகம், தருபவர் குறைவு. பத்து ரூபாய்க்கு பிட் போட்ட எல்லோருக்கும் விகிதப்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரித்துத் தருவார்கள்; 1 மெகாவாட் கேட்டவருக்கு 0.3 வரலாம். இதற்கு மேல் விலை சொல்லி வாங்கவும் முடியாது. ஆகவே மார்ச் முதல் மே வரை 73 முதல் 88 வரையுள்ள பிளாக்குகளுக்கு எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தைத் திட்டத்தில் பூஜ்யம் என்று எழுதுவதே எங்கள் பரிந்துரை. கிடைத்தால் லாபம். நண்பகலுக்கு அப்படி அஞ்ச வேண்டாம். நாட்டின் சோலார் முழுவதும் கொட்டும் நேரம் அது.

எக்ஸ்சேஞ்ச் நாட்டைப் பிரித்திருக்கும் விலைப் பகுதிகளில் தமிழ்நாடு எஸ்2-ல் வருகிறது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் மூலம் தென்மாநிலங்கள் தேசிய மின்தொகுப்போடு இணைந்த பிறகும் சில ஆண்டுகள் வழித்தட நெருக்கடியால் தெற்கில் விலை தனியாக ஏறும். ராய்கர்–புகளூர் 800 கே.வி. டி.சி. லைன் 6,000 மெகாவாட் கொண்டுவரத் தொடங்கிய பின் அது வெகுவாகக் குறைந்தது. இருந்தாலும் முடிவைப் பார்க்கும்போது நாட்டின் பொது விலையைப் பார்க்காமல் எஸ்2 விலையைப் பாருங்கள்.

மின்வாரியம்: ஒப்பந்த டிமாண்ட் அளவுக்கு, கட்டுப்பாடு இல்லாத நாளில், முழு உறுதி. மாதிரி ஆலைக்கு மாலையில் கடைசித் துணை இதுதான்.

கம்பி ஒன்றுதான்

எங்கே வாங்கினாலும் மின்சாரம் வருவது அதே 22 கே.வி. ஃபீடரில். ஃபீடர் ட்ரிப் ஆனால் எக்ஸ்சேஞ்ச், கேப்டிவ், மின்வாரியம் மூன்றும் சேர்ந்தே போகும். சந்தையில் எவ்வளவு வாங்கினாலும் உள்ளூர் ஃபீடர் கோளாறுக்கு அது மருந்தாகாது. அதற்கு டீசல் ஜெனரேட்டர், பேட்டரி, முடிந்தால் தனி ஃபீடர் ஆகியவைதான் வழி.

இதே காரணத்தால், வெளியே கேப்டிவ் வாங்கிவிட்டோம் என்று ஒப்பந்த டிமாண்டை அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். கே.வி.ஏ.வுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்தத்தின் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 1,000 கே.வி.ஏ. குறைத்தால் மாதம் 5 லட்சத்து 40 ஆயிரம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் தொலைவில் உள்ள காற்றாலையின் மின்சாரமும் உங்கள் மீட்டர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. மீட்டர் முழு லோடையும் பதியும். ஒப்பந்தம் 1,500 ஆக இருக்கும்போது ஒரு மாலையில் 2,200 கே.வி.ஏ. பதிந்தால், மிகுந்த 700-க்கு இரட்டிப்புக் கட்டணம்: 8 லட்சத்து 40 ஆயிரம். மீட்டரில் பதியும் டிமாண்டை உண்மையிலேயே குறைப்பது ஆலைக்குள்ளேயே இருக்கும் கூரை சோலாரும் பேட்டரியும்தான். அதிலும் சோலார் பகலில் மட்டும்.

எக்ஸ்சேஞ்சில் இறங்கும் முறை

வழக்கமான ஓப்பன் ஆக்சஸுக்கு 1 மெகாவாட் வேண்டும். பசுமை மின்சாரத்துக்கு 2022 ஜூன் விதிகள் அதை 100 கிலோவாட்டாக இறக்கின. விண்ணப்பித்து 15 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். ஆனால் வாங்கும் அளவைப் பிளாக்குக்குப் பிளாக் மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. 12 பிளாக் வரை, அதாவது மூன்று மணி நேரம் வரை, ஒரே அளவில் நிறுத்தும்படி கேட்க விதியில் இடம் உண்டு.

மாநிலத்தின் மின் ஓட்டத்தை நிர்வகிக்கும் மாநில மின்சுமை மையத்தின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. விண்ணப்பம் தேசிய ஓப்பன் ஆக்சஸ் பதிவகத்தின் இணையத்தளம் வழியே போகிறது. அவர்கள் பார்ப்பது மூன்று: 15 நிமிட மீட்டர் இருக்கிறதா, லைனில் இடம் இருக்கிறதா, நிலுவை ஏதும் உண்டா. வட்ட அலுவலகத்தில் பழைய தகராறுத் தொகை ஒன்று நிலுவையாக நின்றால் அதிலேயே விண்ணப்பம் திரும்பும். நீதிமன்றத் தடை இருந்தால் அந்த ஆணையின் நகலை முதலிலேயே இணைத்துவிடுங்கள். ஒப்புதலில் தேதி வரம்பு உண்டு. அது முடியும் நாளைக் கவனிக்காமல் விட்டு, ஒரு மாதம் வாங்க முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

பிறகு எக்ஸ்சேஞ்ச் உறுப்பினர் ஒருவர் மூலம் கிளையன்ட்டாகச் சேர வேண்டும். பணம் முன்கூட்டியே கணக்கில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிட் ஏறாது. வங்கி விடுமுறை தொடர்ந்து வரும் வாரத்தில் இதை மறக்கக் கூடாது.

நாளை-நாள் சந்தையில் காலை 10 முதல் 12 மணி வரை அடுத்த நாளுக்கான பிட். மிகக் குறைந்த அளவு 0.1 மெகாவாட். அளவு போடும்போது இழப்பைச் சேருங்கள். மாநிலங்களுக்கிடையே 3.5 சதவீதமும் மாநிலத்துக்குள் 22 கே.வி. வரை 6 சதவீதமும் இழப்பு என்று வைத்தால், ஆலை வாசலில் 1,000 கிலோவாட் இறங்க 1,000-ஐ 0.965-ஆலும் 0.94-ஆலும் வகுக்க வேண்டும். வருவது 1,102. அதனால் பிட் 1.1 மெகாவாட். 1.0 என்று போட்டால் வாசலுக்கு 907 கிலோவாட்தான் வரும். மீதி 93-ஐ மின்வாரியத்திடம் முழு விலையில் இழுப்பீர்கள். இழப்புச் சதவீதம் மாறிக்கொண்டே இருக்கும், வாராவாரம் பாருங்கள்.

விலை வரம்பு போடுவதற்கு ஒரு சூத்திரம் போதும். மின்வாரியத்தின் யூனிட் விலை 7.50 ரூபாய், உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்மிஷன், வீலிங் (மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவரும் கூலி), குறுக்கு மானிய சர்சார்ஜ், கூடுதல் சர்சார்ஜ் (வெளியே வாங்குவதால் மின்வாரியத்துக்கு ஏற்படும் இழப்புக்கு ஈடாக இவை இரண்டும்), மின்சுமை மையக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 3.50 ஆகிறது என்றும் வைப்போம். (இது கணக்குக்கான எண், உங்களுக்கு உரியதை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆணைகளிலிருந்து எடுங்கள்.) தாங்கக்கூடிய எக்ஸ்சேஞ்ச் விலை:

சாதாரண நேரம்: 7.50 கழித்தல் 3.50, வகுத்தல் 1.102 = 3.63 ரூபாய்
உச்ச நேரம்: 9.375 கழித்தல் 3.50, வகுத்தல் 1.102 = 5.33 ரூபாய்
இரவு: 7.125 கழித்தல் 3.50, வகுத்தல் 1.102 = 3.29 ரூபாய்

96 பிளாக்குக்கும் ஒரே விலை போட்டுவிட்டுப் போவது கெட்ட பழக்கம். மேலே உள்ள மூன்று விலையை மூன்று நேரத்துக்கும் தனித்தனியே போடுங்கள். விலை ஏறினால் பிட் விழாது. மின்வாரியத்திடம் இழுப்பீர்கள், அவ்வளவுதான். அந்தச் சுதந்திரம் இருக்கும்வரை சந்தை உங்களுக்கு வேலை செய்யும். கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டால் மட்டும் நிலைமை தலைகீழாகும். அப்போது ஒப்பிட வேண்டியது டீசல் விலையோடு. லிட்டருக்கு 3.5 யூனிட், லிட்டர் 92 ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் யூனிட் 26 ரூபாய். அன்று உச்சவரம்பு விலைக்கே பிட் போடலாம். ஆனால் அது முழுவதும் விழும் என்று எண்ணி டீசல் வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஷெட்யூல் விழுந்த பிறகு எடுக்காமல் விட்ட யூனிட்டுக்கு அநேகமாகக் காசு திரும்பாது. நாளை-நாள் சந்தையில் விழுந்ததைத் திருத்தவும் முடியாது. இதனால் வரும் நஷ்டத்தில் பாதிக்கு மேல் மூன்று காரணங்களால் வருவது. ஒன்று, துணை மின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன். காலை 9 முதல் 2 வரை என்றால் 37 முதல் 56 வரையுள்ள பிளாக்கில் பிட்டைப் பூஜ்யமாக்க வேண்டும். அறிவிப்பு முந்தைய நாள் செய்தித்தாளில் வரும். சில நேரம் நீங்கள் பிட் போட்டு முடித்த பிறகே கண்ணில் படும். பிரிவு அலுவலகத்தில் மாத அட்டவணையைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுவது இதைவிட நல்லது. இரண்டு, விடுமுறை. பொங்கல், தீபாவளி யாருக்கும் மறக்காது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஆள் வராமல் பாதி ஃபிரேம் நிற்பதும், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மதியத்தோடு சுத்தம் செய்ய நிறுத்துவதும் பிட் போடுகிறவருக்குத் தெரியாமல் போகும். ஸ்பின்னிங் மாஸ்டரும் மின் பிரிவும் தினமும் காலை ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் பேசினால் போதும். மூன்று, பெரிய மெஷின் பழுது.

திடீர் மாறுதலுக்கு 2020 ஜூன் 1 முதல் நிகழ்நேரச் சந்தை இருக்கிறது. அரை மணிக்கு ஒரு ஏலம். மாலை 6 முதல் 6.30 வரைக்கு வேண்டியதை 4.45 முதல் 5 மணிக்குள் கேட்க வேண்டும். நான்கு மணிக்குக் காற்று படுத்துவிட்டது என்று தெரிந்தால் மாலையைக் காப்பாற்ற இது உதவும். ஒப்புதல் கடிதத்தில் இந்தச் சந்தையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேப்டிவ் பங்கு வாங்கும் முன்

கேப்டிவ் என்று கொள்ள, பயன்படுத்துவோரிடம் 26 சதவீதப் பங்கும், ஆண்டு உற்பத்தியில் 51 சதவீத நுகர்வும் வேண்டும் என்ற 2005 விதிகளின் அளவு எல்லோரும் அறிந்ததே. பங்குதாரர்கள் பலராக இருந்தால், பங்குக்கு ஏற்ற விகிதத்தில், பத்து சதவீதம் கூடக் குறைய, ஒவ்வொருவரும் நுகர வேண்டும். இந்த விகித விதி தனி நிறுவனமாக அமைத்த நிலையங்களுக்கும் பொருந்தும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே கூட இருக்கும் மில் ஒன்று மூடிப்போனால், அதன் பங்கை யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரே ஆண்டில் தவறினாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் குறுக்கு மானிய சர்சார்ஜ் விழும். யூனிட் விலையில் கிடைத்த லாபம் அதிலேயே கரையும். விற்பவரிடம் ஆண்டு யூனிட் உத்தரவாதம் மட்டும் கேட்காமல், மாத வாரி, நேர வாரி உற்பத்திப் பட்டியல் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

குறைந்தால் எதை நிறுத்துவது

எல்லாக் கணக்குக்கும் பிறகு 77-வது பிளாக்கில் 300 கிலோவாட் இடிக்கலாம். அதற்கு மின்சாரம் தேடுவதைவிட லோடை இறக்குவது மலிவு. வரிசையை அமைதியாக இருக்கும்போதே எழுதிப் பேனல் அருகில் ஒட்டுங்கள். நூற்பாலையில் முதலில் ஆட்டோகோனர். கூம்பு சுற்றுவதை இரவுக்குத் தள்ளலாம். அடுத்து பஞ்சைப் பிரித்துச் சீவும் புளோரூமும் கார்டிங்கும். ஸ்லைவர் (சீவிய பஞ்சுத் திரி) கேன் மூன்று நான்கு மணி நேரத்துக்கு இருப்பு வைத்திருந்தால் உற்பத்தி குறையாது. அந்த இருப்பை மதியத்திலேயே, சோலார் மிஞ்சும் நேரத்தில், நிரப்ப வேண்டும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமைக் கடைசிவரை தொடாதீர்கள். நிறுத்தி எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இழை அறும், ஒட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் போகும். ஹ்யூமிடிஃபிகேஷன் மிச்சம் பிடிக்கும் இடமில்லை. ஈரப்பதம் இறங்கினால் ரிங்கில் அறுப்பு கூடும்.

உலோகம் உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ் வைத்திருப்பவர்களுக்கு டன்னுக்கு 600 யூனிட் அளவில் போகிறது. ஹீட் (ஒரு முறை உருக்குவது) தொடங்கும் நேரத்தை மாற்றுவதே அவர்களின் பெரிய ஆயுதம்: ஆறு மணிக்கு முன் ஊற்றி முடித்து, பத்துக்கு மேல் அடுத்தது. இங்கே விடவே கூடாதது காயிலுக்கான (உலையைச் சுற்றிய கம்பிச்சுருள்) குளிர்நீர். உருகிய உலோகம் உள்ளே இருக்கும்போது கரண்ட் போனால் காயிலுக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. அந்த பம்ப் மட்டும் தனி ஜெனரேட்டரில், கூடவே தானாக இறங்கும் மேல்நிலைத் தொட்டியும் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டரை 30 சதவீத லோடுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். கூரை சோலாரை ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்ட நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கரண்ட் போனதும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், அது பாதுகாப்புக்காக வைத்தது. ஜெனரேட்டரைப் பார்த்து மீண்டும் எழுந்ததும் அதன் லோடைத் தின்று, நண்பகலில் பின்னோக்கித் தள்ளவும் செய்யும். இரண்டுக்கும் நடுவே சோலாரை அடக்கி வைக்கும் கன்ட்ரோலர் வேண்டும். மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்தால் துண்டிக்கும் ரிவர்ஸ் பவர் ரிலேயும் வேண்டும். பேட்டரி போடுவதானால் கிலோவாட்டையும் யூனிட்டையும் பிரித்துக் கேளுங்கள். மாலை நான்கு மணி நேரம் 500 கிலோவாட் தாங்க 2,000 யூனிட் பயன்படும் கொள்ளளவு வேண்டும். 500-க்கு 1,000 என்று விற்பது இரண்டு மணி நேரத்துக்கே வரும்.

ஏற்காட்டில்

மலை மேல் இந்தச் சந்தைக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. எஸ்டேட்டும் விடுதியும் எல்.டி. (தாழ்வழுத்த) சர்வீஸில் இருக்கின்றன, 100 கிலோவாட் ஒப்பந்தமே அபூர்வம். அங்கே தட்டுப்பாட்டைவிட சில்வர் ஓக் கிளை லைன் மேல் விழுவதும், வடகிழக்குப் பருவமழையின் இடியும்தான் கரண்டை நிறுத்துகின்றன. காபி பழம் பறிக்கும் பருவம் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) விட வேண்டும், அடுத்த நாளைக்கு வைத்தால் புளித்துக் கெடும். ஆகவே பல்ப்பருக்கும் தண்ணீர் பம்புக்கும் மட்டும் ஜெனரேட்டர் போதும், விளக்குக்கு இன்வெர்ட்டர் தனி. 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 3.7 கிலோவாட்தான், நேரடி ஸ்டார்ட்டரில் தொடங்கும் கணத்தில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், 15 கே.வி.ஏ.வுக்குக் குறைவாக எடுத்தால் வோல்டேஜ் சரிந்து மோட்டார் எழாது. 1,500 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் சமவெளித் திறனைத் தராது. சேலத்தில் எடுக்கும்போது பலகையில் உள்ளதில் 10 முதல் 15 சதவீதம் கழித்துவிட்டு அளவு பாருங்கள். இரண்டு மோட்டாரை ஒரே நேரத்தில் தொடங்காதபடி பத்து நொடி டைமர் ஒன்று வைத்தால் சிறிய ஜெனரேட்டரே தாங்கும்.